பொம்மையின் துயரம் யாருடையது?

கலைப்பொம்மை என்பது ஓர் ஓவியரோ சிற்பியோ தம் கற்பனையில் பிறந்த பாத்திரத்துக்கு உருக்கொடுத்துச் செய்து வெளியிடும் பொம்மை. இதை வாங்குவோரில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். 1990-களின் பிற்பகுதியில் ஹாங்காங்கிலும் டோக்கியோவிலும் இது தனி வடிவமாகத் திரண்டது. ஹாங்காங் கலைஞர் மைக்கேல் லாவ் 1999-ல் காட்சிக்கு வைத்த ‘கார்டனர்’ உருவங்களும், அதே ஆண்டில் அமெரிக்க ஓவியர் காஸ் டோக்கியோவில் வெளியிட்ட ‘கம்பேனியன்’ என்ற வினைல் பொம்மையும் தொடக்கக் காலத்து முக்கியப் படைப்புகள். இன்று இத்துறையில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. ஒன்று, ஆலையில் பெரும் எண்ணிக்கையில் வார்க்கப்படுவது. மற்றது, ஒரே ஆள் தம் மேசையில் பத்து, இருபது, ஐம்பது என்று செய்து ஒவ்வொன்றுக்கும் தம் கையால் வண்ணம் தீட்டுவது.

கையால் செய்யப்படும் இந்த இரண்டாம் வகையில் ஒரு முகம் திரும்பத் திரும்ப வருகிறது. முயல் காது வைத்த தொப்பிக்குள் உருண்டையான குழந்தைமுகம். கொஞ்சத் தோன்றும் கன்னம். ஆனால் கீழிமையில் ஒரு துளி நீர் தேங்கியிருக்கும், அல்லது பார்வை எங்கோ தரையில் பதிந்திருக்கும். அழகும் துயரமும் இப்படி ஓர் உள்ளங்கை அளவுக்குள் சேர்வதைக் காண்பவரின் மனம் இளகுகிறது. இளகும் அந்த மனம் பழைய சமயக் கேள்வி ஒன்றின் முன்னால் போய் நிற்கிறது. வலியே அறியாத ஒரு பொருளின் மேல் எழும் இரக்கம் இரக்கம்தானா? அங்கே இருப்பதாகத் தோன்றும் துயரம் யாருடையது?

முகம் எப்படி அமைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆஸ்திரிய விலங்குநடத்தை அறிஞர் கான்ராட் லோரென்ஸ் 1943-ல் குழந்தைமையின் அடையாளங்களைத் தொகுத்தார்: உடலுக்குப் பெரிய தலை, உயர்ந்து புடைத்த நெற்றி, முகத்தில் சற்றுத் தாழ அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால். இவற்றைக் கண்டதும் வளர்ந்த மனிதருக்குள் பேணும் உந்துதல் எழுகிறது என்றார் அவர். துயரத்தின் அடையாளம் வேறு. அதில் முதன்மையானது, புருவங்களின் உள்முனை மேலே ஏறுவது. ஆனால் உள்முனை ஏறும்போது கண்ணும் பெரிதாகத் தெரிகிறது. துயரம் முகத்தைக் குழந்தையாக்கிவிடுகிறது.

ஆய்வாளர் யூலியானே காமின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. புருவத்தின் உள்முனையை உயர்த்தும் தசை வீட்டு நாய்களிடம் நன்றாக அமைந்திருக்கிறது. அவற்றின் உறவான ஓநாய்களிடம் அந்த இடத்தில் பெரும்பாலும் மெல்லிய நார்களே உள்ளன. ஏக்கம் ததும்பும் அந்தப் பார்வை கொண்ட நாய்களை மனிதர்கள் தம்மையறியாமலேயே தலைமுறை தலைமுறையாக விரும்பி வளர்த்திருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படியானால் அழகையும் துயரத்தையும் ஒரே முகத்தில் வைக்கும் கலைஞர், சேராத இரண்டை வலிந்து சேர்க்கவில்லை. கைக்குழந்தை அழுதுதான் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் அழகும் அதன் அழுகையும் ஒரே உதவியைத்தான் கேட்கின்றன.

நல்ல கைப்பொம்மைகளில் துயரம் உரக்கப் பேசுவதில்லை. ஜப்பானிய நோ நாடகத்தின் பெண் முகமூடிகளை இங்கே நினைக்க வேண்டும். சிரிப்பென்றும் சொல்ல முடியாமல், அழுகையென்றும் சொல்ல முடியாமல் செதுக்கப்பட்ட முகங்கள் அவை. நடிகர் தலையைச் சற்று உயர்த்தினால் முகமூடி மலர்கிறது. சற்றுத் தாழ்த்தினால் மேகம் கவிகிறது. மரம் மாறுவதில்லை, அதன்மேல் விழும் ஒளியும் நிழலும்தான் மாறுகின்றன. அலமாரியில் நிற்கும் பொம்மைக்கும் காலையில் ஒரு முகம், விளக்கு வைத்தபின் ஒரு முகம். இந்த இடைநிலையைப் பிடிப்பதுதான் கலைஞரின் திறமை. கண்ணீரை ஆறாக ஓடவிட்ட பொம்மை ஒரே ஒரு செய்தியைச் சொல்லி ஓய்ந்துவிடுகிறது.

செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் கேள்வி இன்னும் கூர்மையாகும். முதலில் களிமண்ணிலோ, கெட்டிப்படும் செயற்கைக் களிமண்ணிலோ மூல உருவம் செதுக்கப்படுகிறது. அதன் மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். இரண்டு திரவங்களைக் கலந்த ரெசினை அச்சுக்குள் வார்த்து, காற்றுக்குமிழி தங்காமல் அழுத்தக் கலத்தில் வைக்கிறார்கள். இறுகியதும் எடுத்து, தையல்போலத் தெரியும் அச்சுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஏர்பிரஷ்ஷால் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றுகிறார்கள். கண் கடைசியில் வருகிறது. மெல்லிய தூரிகையால் வரைந்து, மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வைத்ததும் கண்ணில் ஈரம் வந்துவிடுகிறது. சிலிக்கோன் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துபோகும். அதனால் எண்ணிக்கை தானாகவே சிறிதாகிறது. ஒரே அச்சில் பிறந்த இருபது பொம்மைகளில் இரண்டின் பார்வை ஒன்றுபோல இருக்காது. இமைக்கோடு மயிரிழை விலகினாலும் ஏக்கம் சோர்வாக மாறிவிடும்.

இப்படிச் செய்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், பல பொம்மைகளுக்குப் பின்னால் உண்மையான பிரிவோ இழப்போ இருப்பது தெரிகிறது. தாய்லாந்துக் கலைஞர் மாலி உருவாக்கிய ‘கிரைபேபி’யின் கண்ணில் பெரிய நீர்த்துளிகள் நிற்கும், வளர்ப்பு நாயை இழந்த துயரத்திலிருந்து அது பிறந்தது. ‘அக்லிடால்’ பொம்மைகளின் கதை இன்னும் எளிமையானது. டேவிட் ஹார்வத்தும் கொரியப் பெண் சன்-மின் கிம்மும் நியூயார்க்கில் படிக்கும்போது அன்பு கொண்டவர்கள். கிம் ஊர் திரும்ப நேர்ந்தபின், டேவிட் எழுதிய கடிதங்களின் அடியில் ஏப்ரன் கட்டிய ஒரு சிறு பிராணியை வரைந்து அனுப்பினார். கிம் அந்தப் படத்தைத் துணியில் கையால் தைத்துப் பொம்மையாக்கித் திருப்பி அனுப்பினார். அது 2001. அந்த ஒற்றைப் பொம்மையைக் கண்ட லாஸ் ஏஞ்சலஸ் கடைக்காரர் இன்னும் சில கேட்டதிலிருந்துதான் பிற்பாடு வந்த வணிகம் எல்லாம் தொடங்கியது.

ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாராவின் சான்று மிகவும் ஆழமானது. 1959-ல் ஹிரோசாகியில் பிறந்தவர். வேலைக்குப் போன பெற்றோரின் வீட்டில் தனியே வளர்ந்தார். பின்னர் மொழி சரியாகத் தெரியாத ஜெர்மனியில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தத் தனிமைதான் அவர் வரைந்த பெரிய தலைச் சிறுமிகளின் கண்களில் நிற்கிறது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைச் சிதைத்தபோது அவரால் ஓவியம் தீட்ட முடியவில்லை. தாம் படித்த அய்ச்சி கலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், கருவிகளைத் தள்ளிவைத்துவிட்டு, களிமண் குவியலை வெறுங்கையால் அமுக்கியும் பிசைந்தும் குழந்தைத் தலைகளைச் செய்தார். வெண்கலத்தில் வார்த்த பிறகும் அவற்றில் விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன.

இத்தகைய பொம்மைகளில் துயரம் செய்தவருடையது என்று சொல்வதற்கு நியாயம் உண்டு. ஆனால் அது பாதி விடைதான். வாங்குபவருக்கு அந்த நாயையோ கடிதத்தையோ தெரியாது. தெரியாமலேயே மனம் கரைகிறதே, அது எதற்காக?

இதே கேள்வியைக் கடுமையாகக் கேட்டவர் புனித அகுஸ்தீன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இறைவனை முன்னிலைப்படுத்தி எழுதிய தன்வரலாற்றின் மூன்றாம் பகுதியில், இளமையில் கார்த்தேஜ் நகர நாடகக் கொட்டகைகளில் அழுததை அவர் ஆராய்கிறார். தனக்கு நேர்ந்தால் தாங்க முடியாத துன்பத்தை மேடையில் பார்க்க மனிதன் ஏன் ஆசைப்படுகிறான்? அங்கே யாரும் அவனை உதவிக்கு அழைக்கவில்லை; அழ மட்டுமே அழைக்கிறார்கள். உதவியில் முடியாத இரக்கம் எப்படி இரக்கமாகும் என்பது அவர் வாதம். 1758-ல் நாடக அரங்குகளை எதிர்த்து எழுதிய மெய்யியலாளர் ரூசோ இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். கற்பனைத் துயரத்துக்குக் கண்ணீர் விட்டவன் மனிதகுலத்துக்குத் தான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக நிம்மதி அடைகிறான். வாசலில் நிற்கும் ஏழைக்குக் கொடுக்க அவனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தக் குற்றச்சாட்டை லேசாக ஒதுக்க முடியாது. அழும் பொம்மைக்கு அலமாரியில் விளக்கு வைத்துவிட்டு, அடுத்த அறையில் அழும் மனிதரைக் கவனிக்காதவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பொம்மை எதையும் திருப்பிக் கேட்பதில்லை, கோபிப்பதில்லை, மூப்படைவதில்லை. அதன்மேல் இரக்கப்படுவது எளிது. அந்த எளிமையே அகுஸ்தீனை உறுத்தியிருக்கும்.

இந்திய அழகியல் வேறு திசையிலிருந்து வருகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதற்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது. அழுகை தன்னிடம் தோன்றியதைப் பற்றியும் எழலாம், பிறரிடம் கண்டதைப் பற்றியும் எழலாம் என்று உரையாசிரியர்கள் விரித்தார்கள். காஷ்மீரத்துச் சைவ அறிஞர் அபிநவகுப்தர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில், இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட சான்று காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் தேருக்கு அஞ்சி ஓடும் மான். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஓடும் அந்த மானின் அழகும் அச்சமும் பிரிக்க முடியாதவை. அதைக் காண்பவர், ‘நான் அஞ்சுகிறேன்’ என்று உணர்வதில்லை. ‘அந்த மான் அஞ்சுகிறது’ என்று தள்ளி நின்று தகவலாக அறிவதும் இல்லை. யாருடையது என்ற எல்லை கழன்ற அச்சம் மட்டும் அங்கே இருக்கிறது. ‘என்னுடைய துயரம்’ என்ற பிடி விட்டுப்போவதால்தான் கலையில் துயரமும் சுவையாகிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் விளக்கம்.

கைப்பொம்மைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. அதற்குப் பெரும்பாலும் கதை இல்லை. ஏன் அழுகிறது என்பது சொல்லப்படுவதில்லை. காரணம் சொல்லப்படாததால் செய்தவர் இழந்த நாயும் வாங்கியவர் இழந்த பாட்டியும் அந்த ஒரே துளிக்குள் இடம் பெறுகிறார்கள். அபிநவகுப்தர் வழியில் பார்த்தால் அகுஸ்தீனின் கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. அந்தக் கணத்தில் ‘தான்’ என்ற இறுக்கம் தளர்கிறது. தளர்ந்த மனம் செயலாற்றவில்லை என்பது குறைதான், ஆனாலும் தளராத மனம் ஒருபோதும் செயலாற்றப் போவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானில் இலக்கிய அறிஞர் மோட்டோஓரி நோரினாகா, பொருள்களின் நிலையாமை உள்ளத்தைத் தொடும்போது அதை உணரத் தெரிவதே இலக்கியத்தின் உயிர் என்று வாதிட்டார். ஆழமாக உணர்ந்தவனால் அதைத் தனக்குள் அடக்க முடியாது; பிறரிடம் சொல்லியாக வேண்டும்; கேட்பவரும் அதை உணரும்போதுதான் அவனுக்கு ஆறுதல் என்பது அவர் கருத்து. கையால் செய்த துயரப் பொம்மைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. செய்தவர் சொல்கிறார், வாங்கியவர் கேட்கிறார்; பெரும்பாலும் இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

சமயங்களே இவ்வகை உருவங்களைச் செய்திருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டு பிளாரன்ஸில் கன்னிமடம் புகும் பெண்களுக்கும் மணப்பெண்களுக்கும் குழந்தை இயேசுவின் பொம்மைகள் கொடுக்கப்பட்டன. அவர்கள் அவற்றுக்கு உடை உடுத்திப் பேணினார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் குழந்தை இயேசு சிலுவையின் மேல் தலைவைத்துத் தூங்குகிறார். அதே நூற்றாண்டில் கோவாவின் தந்தச் சிற்பிகள் செதுக்கிய சிறு மேய்ப்பர் உருவங்கள் இந்த வகையின் உச்சம். ஆட்டுக்குட்டியோடு பாறை மேல் உட்கார்ந்த குழந்தை, கன்னத்தைக் கையில் தாங்கி, கண்மூடி இருக்கிறது. தூக்கமா, வரப்போகும் சாவைப் பற்றிய நினைவா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். காஸ் 2018-ல் செய்த ‘கான்’ சிற்பத்தில் ‘கம்பேனியன்’ உயிரற்ற தோழனைக் கைகளில் ஏந்தி நிற்கும்போது, மகனின் உடலை மடியில் ஏந்திய மரியாளின் உருவம் அதன் பின்னால் நிற்கிறது. உருவங்களுக்கு இடம்தராத மரபிலும் ஒரு விலக்கு உண்டு: நபிகள் நாயகத்தின் இல்லத்தில் சிறுமியான ஆயிஷா பொம்மைகள் வைத்து விளையாடியதாக நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன.

பொம்மை உயிரா பொருளா என்பதைப் பௌத்தம் வேறுவிதமாக அணுகியது. எட்டாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஷான்ரான், உணர்வற்ற பொருள்களுக்கும் புத்த இயல்பு உண்டு என்று வாதிட்டார். ஜப்பானில் இந்த எண்ணம் புல், மரம், கல் என்று பரவியது. ‘இயந்திர மனிதன் மனிதனை மிகவும் ஒத்திருந்தால் அருவருப்பு எழும்’ என்ற புகழ்பெற்ற கருத்தை 1970-ல் முன்வைத்த பொறியாளர் மசஹிரோ மோரி, சில ஆண்டுகளில் ரோபோவுக்குள்ளும் புத்த இயல்பு உண்டு என்று ஒரு நூலே எழுதினார். மேற்கில் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் வேறு வழியாக இதன் அருகே வந்தார். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை அது உருவாக்கியதா, கண்டெடுத்ததா என்று பெரியவர்கள் ஒருபோதும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே அந்தக் குழந்தைக்கு அவர்கள் தரும் இடம் என்றார். சமயமும் கலையும் அந்த இடத்தில்தான் வளர்கின்றன என்பது அவர் துணிபு.

ஆலைப் பொம்மைகளுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 2010-ல் பெய்ஜிங்கில் தொடங்கி 2020-ல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்த பாப் மார்ட் நிறுவனம், உள்ளே எது என்று தெரியாத மூடிய பெட்டிகளில் பொம்மை விற்பதைப் பெருந்தொழிலாக்கியது. வழக்கமான ஒரு தொகுப்பில் பன்னிரண்டு உருவங்கள் இருக்கும். அவற்றோடு ஒரு ரகசிய உருவம். அது கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் 144-ல் 1. ‘கிரைபேபி’யும் இந்த வழியில்தான் உலகெங்கும் போனது. அதனால் பலருக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது முதலில் எழுவது இரக்கம் அல்ல, எது வந்திருக்கிறது என்ற ஆவல். வேண்டாதது வந்தால் ஏமாற்றம். அழும் முகம் ஒன்று ‘எனக்கு ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஒதுக்கப்படுகிறது. துன்பத்துக்கு வேராகப் புத்தர் காட்டிய வேட்கை, துன்பத்தின் உருவத்தையே பண்டமாக்கிக்கொண்டு வருவது வருத்தத்துக்குரியது. அழகியல் அறிஞர் சியான் இங்காய் 2012-ல் வெளியிட்ட நூலில் சொன்ன எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். சிறியது, மென்மையானது, எதிர்க்க முடியாதது என்பதால் கொஞ்சத் தோன்றும் பொருளின் மேலேயே நசுக்கும் ஆசையும் எழுகிறது. கொஞ்சுபவர் எப்போதும் வலியவர். துயரம் அந்தப் பொருளைக் காக்கலாம், இன்னும் எளிய இரையாகவும் ஆக்கலாம்.

அகுஸ்தீன் கேட்ட கேள்விக்கு நேரான விடை பொம்மைக்குள் இல்லை. அதை வைத்திருப்பவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. விலங்குகளிடம் கொடுமை செய்பவன் மனிதரிடமும் கடினமாகிறான் என்று மெய்யியலாளர் கான்ட் சொன்னார். அதன் மறுபக்கமும் ஏற்கத்தக்கதே: உடைந்த காதை ஒட்டவும், தூசியைத் துடைக்கவும், வேண்டாதபோது குப்பையில் எறியாமல் தக்கவரிடம் சேர்க்கவும் பழகிய கை வேறு இடங்களிலும் மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கலைஞரின் துயரம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்து வாங்குபவருக்கு அந்தப் பழக்கம் எளிதில் வரும். கையால் செய்தவற்றுக்கு ஆலைப் பொம்மைகளைவிட உயர்ந்த இடம் தருவதற்கு அரிதானவை என்பதும் விலை அதிகம் என்பதும் காரணமாகாது. மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே காரணம்.

ஜப்பானியக் கோயில்கள் இந்தப் பொறுப்புக்குச் சடங்கு வடிவம் கொடுத்திருக்கின்றன. டோக்கியோவின் உயெனோ பூங்காவில் உள்ள கியோமிசு கண்ணோன் கோயிலில் ஆண்டுதோறும் செப்டம்பர் 25-ல் பழைய பொம்மைகளுக்கு வழிபாடு நடக்கிறது. குழந்தை வேண்டிப் பலன் பெற்றவர்கள் கொண்டுவந்து சேர்த்த பொம்மைகளுக்கு மந்திரம் ஓதி, நன்றி சொல்லி, தீயில் இடுகிறார்கள். பொம்மைக் கோயில் என்று அழைக்கப்படும் கியோட்டோவின் ஹோக்கியோ-ஜியில் இது அக்டோபர் 14-ல் நடக்கிறது. சிபா மாநிலத்து இசுமியில் உள்ள கோஃபுகு-ஜி, 2015 முதல் சோனி நிறுவனத்தின் ஐபோ இயந்திர நாய்களுக்கும் இறுதிச் சடங்கு செய்தது. 1999-ல் விற்பனைக்கு வந்து 2006-ல் நிறுத்தப்பட்ட அந்த நாய்களுக்கு 2014-ல் பழுதுபார்ப்பும் நின்றுபோயிருந்தது. ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் ஊரும் குடும்பப் பெயரும் எழுதிய சீட்டு கட்டப்பட்டு, வரிசையாகப் பீடத்தில் வைக்கப்பட்டன. சடங்கு முடிந்தபின் அவற்றின் உதிரிப்பாகங்கள் கழற்றப்பட்டு, பழுதாகிக் கிடந்த வேறு ஐபோக்களுக்குப் பொருத்தப்பட்டன.